பாக்கியவதியின் எலிகளும் மதினியின் வியாழக்கிழமையும்

பாளையங்கோட்டையில் இருந்த அந்த ஆய்வு மையத்தில் எலிகளுக்கு நிரந்தரப் பதவி உண்டு. ஒவ்வொரு எலிக்கும் பிறந்த தேதி, பெற்றோர் விவரம், எடை, நாளைக்கு எத்தனை கிராம் தீனி என்று எல்லாம் பதிவேட்டில் ஏறியிருக்கும். அந்த எலிகளைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த பாக்கியவதிக்குத்தான் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அவள் தற்காலிகம். எலி ஒன்றின் ஆயுள் இரண்டு வருடம் என்று வைத்துக்கொண்டாலும், நிரந்தர எலிகளில் ஐந்தாறு தலைமுறை அவள் கையாலேயே பிறந்து, வளர்ந்து, ஓய்வு பெற்றுப் போய்விட்டது. தற்காலிகம் அப்படியே இருந்தது.

எலிக்கூடத்தில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. கூண்டுகளில் பேராசிரியர் மை வைத்து எண் எழுதுவார். இவள் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவாள். மூன்றாம் நாள் எண் காணாமல் போகும். ஆகவே கூண்டுகளுக்கு அவள் பஸ் நிற்கும் ஊர்களின் பெயரை வைத்திருந்தாள். ஜன்னல் பக்கத்து அடுக்கு பாபநாசம் போகும் பஸ்: பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வரிசையாகப் போகும். முக்கூடல் அந்தப் பாதையில் இல்லை. பிறந்த ஊராயிற்றே என்று அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டாள். உள்சுவர் அடுக்கு நாகர்கோவில் போகும் பஸ்: நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி. எந்த எலி எந்த ஊரில் இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு நாளும் தடுமாற்றம் வந்ததில்லை. மேல் அதிகாரிகளுக்கு வந்திருக்கிறது.

1994ஆம் வருடம் பேராசிரியர் ஸ்வாமிநாதன் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். பாபநாசம் மலையில் கிடைக்கும் பாறைநொச்சி என்ற செடியின் இலைச்சாறு புற்றுக்கட்டியைக் கரைக்குமா என்று பார்ப்பது. எண்பது எலிகளின் தொடையில் புற்றுச் செல்களை ஊசியால் ஏற்றினார்கள். பாதிக்கு இலைச்சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். எது எந்தக் கட்சி என்று பின்னால் தெரிய வேண்டுமே? இலைக் கட்சிக்கு வலது காதில் ஒரு சிறு வெட்டு, தண்ணீர்க் கட்சிக்கு இடது காதில். வெட்டியது பேராசிரியரே. பிறகு இலைக் கட்சி முழுவதையும் ஜன்னல் அடுக்கில் வைக்கச் சொன்னார். “வெளிச்சத்துல நன்னாப் பாக்கலாம்” என்றார். தண்ணீர்க் கட்சி இருட்டில் கிடந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்.

ஆனியில் சாரல் பிடித்தது. ஜன்னல் வழியே முக்கூடல் கூண்டின் மீது மழை அடித்தது. பாக்கியவதி அதைத் தூக்கி உள்சுவர் அடுக்கில் வைத்தாள். அங்கே இடம் போதாததால் நாங்குநேரியைக் கொண்டுவந்து ஜன்னல் அடுக்கில் சாரல் படாத கோடியில் வைத்தாள். பேராசிரியரிடமும் சொன்னாள். “சரி, சரி” என்றார் அவர். பெரியவர்கள் “சரி, சரி” என்று இரண்டு தரம் சொன்னால் காதில் விழவில்லை என்று பொருள்.

அடுத்த வாரம் ஜன்னல் அடுக்கு எலிகளுக்கு உடம்பு சரியில்லை. முடி சிலிர்த்துப்போய், கூனிக்கொண்டு, தீனி எடுக்காமல், வயிறு இளகிக் கிடந்தன. அதையும் சொன்னாள். “இலை உடம்பைச் சுத்தம் பண்றது” என்றார். நாலைந்து நாளில் எலிகள் தேறின. அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். தொடையில் கொட்டைப்பாக்கு அளவு இருந்த கட்டிகள் சுருங்கி, ஒரு மாதத்தில் மிளகு அளவுக்கு வந்தன. உள்சுவர் அடுக்கிலோ கட்டிகள் வளர்ந்துகொண்டே போயின.

பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வியாழக்கிழமை செய்தித்தாளில் அவர் படம் வந்தது. ‘புற்றுநோய்க்குப் பொதிகை மலை மூலிகை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எலி என்ற சொல் ஆறாவது பத்தியில் ஒரே ஒரு தடவை வந்தது. வாசகர்கள் ஐந்தாவது பத்தியிலேயே இலை பறிக்கக் கிளம்பிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் ஜங்ஷனிலிருந்து அம்பாசமுத்திரம் வரை பாறைநொச்சி கட்டுக்கட்டாக விற்றது. அந்தச் செடி மலையில் அத்தனை கிடையாது. வேலியோரத்து நொச்சியெல்லாம் பாறைநொச்சி ஆனது. சாகப் பயந்தவனிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்று தெரிந்துகொண்டவர்களுக்கு நம் நாட்டில் ஒரு நாளும் தண்டனை கிடையாது. மாலை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியவதியின் அண்ணன் இசக்கி முக்கூடலிலிருந்து வந்து நின்றான். பேசத் தெரியாதவன் இல்லை. ஆனால் கல்யாணமாகி இருபது வருடத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“ஒங்க மதினி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாளாம்” என்றான்.

மதினி பேச்சியம்மாளுக்கு மார்பில் கட்டி. இரண்டு மாதமாக இழுத்துப் பறித்து, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. “இப்போ சின்னதா இருக்கு, எடுத்துடலாம். ரெண்டு மூணு மாசம் விட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது” என்று டாக்டரம்மா பாக்கியவதியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். கட்டி வளருவது எப்படி என்று எலியின் தொடையில் தினமும் பார்க்கிறவள் அவள். அந்த ‘ஒண்ணும் சொல்ல முடியாது’ அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

அன்றைக்கே முக்கூடலுக்கு பஸ் ஏறினாள். பேச்சியம்மாள் மடியில் பீடித் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மி, அம்மியில் பச்சைக் குழம்பு.

“வாளா, வா. எலியெல்லாம் சௌக்கியமா?”

“எலி கெடக்கட்டும். வியாழக்கெழம வரமாட்டேன்னியாமே?”

“எதுக்கு வரணும்? கத்தி வச்சு அறுக்கதுக்கா? ஒங்க சாரு கட்டி கரைஞ்சிருக்குன்னு பேப்பர்ல போட்டிருக்காருல்லா.”

“அது எலிக்கு மதினி.”

“எலிக்குக் கேக்குத மருந்து எனக்குக் கேக்காதா? எலிய விட நான் எதுல கொறஞ்சு போனேன்?”

“அந்த எலியப் பாக்குதவ நான். எல குடிச்ச கூண்டு ஒண்ணு, கட்டி வத்தவே இல்ல. எலைய மோந்தே பாக்காத கூண்டு ஒண்ணு, கட்டி வத்திப் போச்சு. ரெண்டையும் என் கையால தூக்கிப் பாத்தேன்.”

“அதப் பேப்பர்ல போடலியே.”

“பேப்பர்காரன் என்கிட்ட கேக்கலியே.”

“ஒன்கிட்ட எதுக்குக் கேக்கான்? நீ என்ன படிச்சிருக்க?”

“எட்டு.”

“சாரு?”

“அவரு டாக்டர் பட்டம்.”

“பொறவு?” என்று பேச்சியம்மாள் பீடிக்கு நூல் சுற்றினாள். வழக்கு முடிந்தது என்று அர்த்தம்.

பாக்கியவதி விடவில்லை. “மதினி, நீ வந்து கண்ணால பாரு. எலைக்காரி எலிக்குக் கட்டி அப்படியே இருந்தா, தண்ணிக்காரி எலிக்கு வத்தியிருந்தா, வியாழக்கெழம பேசாம ஆஸ்பத்திரிக்கு வா. நான் சொன்னது பொய்யின்னா, நானே மலைக்குப் போயி எல பறிச்சுத் தாரேன்.”

பேச்சியம்மாள் யோசித்தாள். எலிகளைப் பார்க்கும் ஆசை அவளுக்குப் பதினொரு வருடமாக உண்டு. “செவ்வாக்கெழம மொத பஸ்ஸுல வாரேன்” என்றாள்.

திங்கட்கிழமை பாக்கியவதி பேராசிரியரின் அறை வாசலில் போய் நின்றாள். சாரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மதினியைக் கூட்டிவந்து காட்டும் சங்கடம் இல்லையே என்று நினைத்தாள். முக்கூடல், நாங்குநேரி விவகாரத்தை முழுவதும் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“பாக்கியவதி, அந்த ரெண்டு கூண்டையும் நான் கணக்குலயே சேர்க்கல. ஏன் தெரியுமா? நீ எலியை மாத்திப் போட்டிருக்கே. பரவால்ல, படிக்காதவா கை, தவறு வரும். நான் ஒண்ணும் சொல்லலியே.”

“மாத்திப் போடல சார். கூண்டோடதான் தூக்கி வச்சேன்.”

“சரி, சரி” என்றார்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? ஒரு முடிவுக்கு எதிராக ஒரு சான்று இருந்தால் அந்தச் சான்றை முதலில் பார் என்கிறது. நம் ஊர் வழக்கம் என்ன சொல்கிறது? சான்று சொல்கிறவர் யார் என்று முதலில் பார் என்கிறது. பேராசிரியர் கெட்டவர் அல்லர். திங்கள் முதல் சனி வரை விஞ்ஞானியாக இருந்தார். கூட்டுகிறவள் ஒருத்தி குறுக்கே வந்தால் மட்டும் பழைய மனிதராகிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்குப் பேச்சியம்மாள் புதுச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். வெளியாட்கள் எலிக்கூடத்துக்குள் நுழையக் கூடாது. தெரிந்தால் பாக்கியவதியின் தற்காலிகமும் அன்றோடு போய்விடும். வாட்ச்மேன் கிருபைராஜ் அண்ணாச்சி டீ குடிக்கப் போன சமயம் பார்த்து மதினியைப் பின்வாசல் வழியே கூட்டிவந்தாள். கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, வாயில் துணி கட்டிவிட்டாள்.

“எதையும் தொடக் கூடாது. பேசவும் கூடாது.”

“பேசாம எப்பிடிளா பாக்கது?” என்றாள் பேச்சியம்மாள் துணிக்குள்ளிருந்து.

பாக்கியவதி உள்சுவர் அடுக்கிலிருந்து ஓர் எலியைப் பிடரியைப் பிடித்துத் தூக்கினாள். “காதப் பாரு. வலது காதுல வெட்டு. சாரு கையால வெட்டுனது. வலதுன்னா எல குடிச்சது. இப்பம் தொடையப் பாரு.”

தொடையில் கட்டி பெரிய நெல்லிக்காய் அளவு இருந்தது.

“இது எந்த ஊரு?”

“முக்கூடல்.”

“ஏட்டி, எங்க ஊரு பேரு வைக்க ஒனக்கு வேற சீவனே கெடைக்கலியா?” என்றாள் பேச்சியம்மாள். ஆனால் அடுத்த எலியைத் தானே குனிந்து பார்த்தாள். வலது காது, கட்டி. மூன்றாவதும் வலது காது, கட்டி. முகம் கொஞ்சம் மாறியது.

பிறகு ஜன்னல் பக்கம் வந்து நாங்குநேரியைத் திறந்தார்கள். எல்லாம் இடது காது. எல்லாம் வெறும் தண்ணீர். தொடையைத் தடவிப் பார்த்தால்தான் மிளகு போல ஒன்று தட்டுப்பட்டது. பாக்கியவதி எலியை மாற்றியிருந்தால் காதையுமா கழற்றி மாட்டினாள்?

“சரிளா” என்றாள் பேச்சியம்மாள். “எல இல்ல. ஒத்துக்கிடுதேன். அப்பம் இதுக்குக் கட்டி எப்பிடி வத்துச்சு? அதச் சொல்லு. அதச் சொல்லாம நான் கத்திக்குப் படுக்க மாட்டேன்.”

பாக்கியவதி ஜன்னல் அடுக்கைக் காட்டினாள். “இந்தப் பக்கத்து எலி பூராவும் ஒரு வாரம் சொகமில்லாம கெடந்துச்சு. அது மட்டுந்தான் தெரியும்.”

அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே சருகு சரசரத்தது. இரண்டு பேரும் கூண்டுக்குப் பின்னால் குனிந்தார்கள். கிழிந்து கிடந்த ஜன்னல் வலை மெல்ல விலகியது. ஒரு கை உள்ளே வந்தது. மணிக்கட்டில் பட்டையாகத் திருநீறு. கையில் ஒரு மரப் பொறி. பொறியின் கதவு திறந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு வீட்டு எலி குதித்து, ஜன்னல் அடுக்கின் மேல் ஓடி, பத்தமடைக் கூண்டின் தீனியில் வாய் வைத்தது.

“போப்பா, போ. நல்லாயிரு” என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

“யாருலே அது?” என்று பேச்சியம்மாள் போட்ட சத்தத்தில் கூடத்து எலிகள் அத்தனையும் மூலைக்கு ஓடின.

ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மையப்ப பிள்ளை. குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்த கோலம். வெளியாட்களை உள்ளே விட்டால் வேலை போய்விடும் என்று சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். இப்போது உள்ளே இருந்தது வெளியாள்; ஜன்னலில் பொறியோடு நின்றது அவர். யார் யாரைப் பிடித்தது என்று ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை.

“பாக்கியவதி, இந்தம்மா யாரு?” என்றார், கொஞ்சம் தேய்ந்த அதிகாரத்தோடு.

“அந்த எலி யாரு சார்?” என்றாள் பாக்கியவதி.

“அது... வீட்டுல பிடிச்சது. பிள்ளையார் வாகனம்லா? செவ்வாய் வெள்ளியில கொல்லக் கூடாது.”

“மத்த நாளுல?” என்றாள் பேச்சியம்மாள்.

“மத்த நாளுலயும்தான். வயக்காட்டுல விட்டா பாம்பு பிடிச்சிரும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு? இங்கன அதுக்கு இனத்தோட இருக்கும், தீனியும் கெடைக்கும்னு...”

“எத்தன விட்டிருக்கீங்க?”

“சித்திரையில இருந்து, இதோட பதினாலு” என்றார் அம்மையப்ப பிள்ளை. அந்தக் குரலில் சின்னப் பெருமையும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் ப்ரீதா வந்தாள். பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்யும் பெண். காலையில் பாக்கியவதி எடுத்துத் தரும் கூண்டுகளுக்குச் சாறு புகட்டுவது அவள் வேலை. பேராசிரியர் சொன்னபடி அந்த இரண்டு கூண்டையும் கணக்கில் அடித்ததும் அவள்தான். பாக்கியவதி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ப்ரீதா நாங்குநேரியின் காதுகளைப் பார்த்தாள். முக்கூடலின் காதுகளைப் பார்த்தாள். பத்தமடையில் தின்றுகொண்டிருந்த பதினாலாவது விருந்தாளியைப் பார்த்தாள். அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, வைரஸ்” என்றாள். “வெளி எலி கொண்டுவந்திருக்கு. ஜன்னல் பக்கம் பூரா தொத்தியிருக்கு. இலையில ஒண்ணுமே இல்ல.”

“கிருமி வந்தா நோய்தான வரணும்? கட்டி எப்பிடிம்மா வத்தும்?” என்றாள் பேச்சியம்மாள்.

ப்ரீதா யோசித்து யோசித்துச் சொன்னாள். “உடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்க. புத்துக்கட்டி நம்ம உடம்புலேருந்தே வர்றதால, அது பக்கத்துல இருந்தும் அவங்க கண்டுக்காமத் தூங்குவாங்க. இந்த வைரஸ் வெளியேருந்து வந்த கள்ளன். சத்தம் கேட்டு எல்லாரும் முழிச்சுக்கிட்டுக் கம்பெடுத்துட்டு ஓடியிருக்காங்க. ஓடின வேகத்துல கட்டிக்கும் நாலு அடி விழுந்திருக்கும். நான் நினைக்கிறது இது. ரத்தத்தைச் சோதிச்சுத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.”

பேச்சியம்மாளின் கண் பளிச்சென்றது.

“அப்பம் அந்த எலிக்காச்சல எனக்குக் குடு தாயி.”

“மதினி!”

“நீ சும்மா கெட. எலதான் பொய்யி. காச்சல் மெய்தான? எலி கடிச்சாப் போதுமா, இல்ல ஊசியில ஏத்தணுமா?” என்று கையை நீட்டினாள். ஜன்னலுக்கு வெளியே அம்மையப்ப பிள்ளை பொறியைப் பைய முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

ப்ரீதா திகைத்துப்போனாள். பாக்கியவதி ஜன்னல் அடுக்கின் கடைசிக் கூண்டைத் தூக்கிவந்து மதினியின் முன்னால் வைத்தாள். பாபநாசம். அதில் இருந்தவை முன்பு ஒரு தரம் சீக்கு வந்து மெலிந்திருந்த எலிகள்; சீக்கு எலி என்று பேராசிரியர் இவற்றையும் கணக்கில் விட்டிருந்தார்.

“இதுவும் அதே அடுக்கு. இதுக்கும் அதே காச்சல்தான் வந்துச்சு. தொடையப் பாரு.”

கட்டி எலியின் தொடையை விடப் பெரிதாக இருந்தது. எலியால் நகர முடியவில்லை. கண் மட்டும் மினுங்கியது.

“காவக்காரன் ஏற்கனவே சோர்ந்து கெடந்தா, கள்ளன் வந்ததும் இருக்கிற பலமும் போயிடும். கட்டி ரெண்டு மடங்கு வேகமா வளரும்” என்றாள் ப்ரீதா. “யாருக்கு வத்தும், யாருக்கு வளரும்னு எங்களுக்கே தெரியாதும்மா. அதோட இது எலியோட வைரஸ். உங்க உடம்புல ஒண்ணும் செய்யாது.”

பேச்சியம்மாள் அந்த எலியை வெகுநேரம் பார்த்தாள். வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு டாக்டரம்மா, எடுத்துருதேன்னு தெளிவாச் சொல்லுதா. நீங்க இத்தன பேரு கூடி நின்னு, தெரியாது தெரியாதுங்கியளே” என்றாள். “ஏளா பாக்கியம், வியாழக்கெழம எத்தன மணிக்கு வரணும்?”

அன்று பகலே ப்ரீதா பேராசிரியரிடம் காதுக் கணக்கைச் சொன்னாள். அவள் எம்.எஸ்ஸி. என்பதால் அவர் இரண்டு தரம் சரி என்று சொல்லவில்லை. எழுந்துவந்து தானே காதுகளைப் பார்த்தார். எலிகளின் ரத்தம் வடக்கே ஓர் ஆய்வகத்துக்குப் போனது. எலிகளுக்கு மட்டும் வரும் வைரஸ்தான் என்று மூன்று வாரத்தில் பதில் வந்தது. வலையைத் தைத்து, புது எலிகளை வைத்து இலையை மறுபடி சோதித்தார்கள். ஒரு கட்டியும் வற்றவில்லை. பேராசிரியர் தன் பிழையைத் தானே எழுதிச் செய்தித்தாளுக்கு அனுப்பினார். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். காணவில்லை விளம்பரத்துக்கும் கீழே, கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரிகிற அளவில் அது வெளிவந்தது.

அடுத்த வருடம், வைரஸ் தொற்று எலிகளின் கட்டியையும் எதிர்ப்புச் சக்தியையும் எப்படி மாற்றுகிறது என்று அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நல்ல கட்டுரை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், வீட்டு எலிகள் கிடைக்க உதவிய திரு. அம்மையப்பனுக்கு நன்றி என்று இருந்தது. பாக்கியவதியின் பெயர் இல்லை. ‘கூண்டுகளின் இடமாற்றம் கவனத்துக்கு வந்தது’ என்று ஒரு வரி இருந்தது. யாருடைய கவனத்துக்கு? கவனத்துக்குக் கண்ணும் கையும் கிடையாது போலும், தானாகவே வந்திருக்கிறது!

குறித்தபடி அந்த வியாழக்கிழமை காலையே பேச்சியம்மாளுக்கு ஆபரேஷன் நடந்தது. இரண்டரை மணி நேரம். டாக்டரம்மா வெளியே வந்து, “முழுசா எடுத்தாச்சு. நல்ல நேரத்துல வந்தீங்க” என்றாள். இசக்கி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது. பாக்கியவதி அவனைத் தேற்றப் போகவில்லை; பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் அவள் வேலை முடிந்து வார்டுக்குள் நுழையும்போதே மதினியின் குரல் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் நாங்குநேரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அதே நோய். மறுநாள் காலை அவளுக்கு ஆபரேஷன். தலையணைக்கடியில் ஒரு கட்டு இலை வைத்துக்கொண்டு, ராத்திரிக்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று புருஷனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“நானும் அத ஒரு படி அரைச்சுக் குடிச்சவதான். வாய்க் கசப்பு இன்னும் போவல” என்றாள் பேச்சியம்மாள். “அதுல ஒண்ணுமில்லம்மா.”

“ஒங்களுக்கு யாரு சொன்னா? எந்த டாக்டரு?”

“டாக்டர் இல்ல. எலிக்குத் தீனி போடுதவ. எங்க நாத்தனா. அந்தா வாரா பாரு.”

அந்தப் பெண் பாக்கியவதியை ஏற இறங்கப் பார்த்தாள். பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும் சேலை, வெடித்த விரல்கள். பேராசிரியரின் கண்ணில் பட்டதெல்லாம் அவள் கண்ணிலும் பட்டிருக்கும். ஆனால் காலை மடக்கிக்கொண்டு, கட்டிலில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.

“ஒக்காருங்கக்கா” என்றாள். “மொதல்ல இருந்து சொல்லுங்க.”